எருசலேம் ஆலயம் யாருடையது? தரங்கம்பாடி, 1707 முதல்

தரங்கம்பாடி போகிறவர்கள் டேன்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு, கடற்கரையில் நின்று நாலு படம் எடுத்துவிட்டு, ராஜ வீதியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆலய முகப்பில் ஒரு கிரீடம் இருக்கிறது, அதோடு பின்னிக்கிடக்கும் எழுத்துகளும் இருக்கின்றன. அது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் பெயர்முத்திரை. தமிழ்ச் சபைக்கென்று கட்டிய கோவிலின் முகப்பில் டென்மார்க் ராஜாவின் பெயர் எதற்கு?

மிஷனரிகள் வந்தார்கள், ஊழியம் செய்தார்கள், ஆலயம் கட்டினார்கள் என்று மூன்று வரியில் முடித்துவிடுகிற கதை இது. ஆனால் நிலம், பணம், அனுமதி, சாவி, உள்ளே யார் எங்கே உட்கார்வது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், வெளியூர்க்காரர் ஒரு சின்னச் சபைக்குக் கட்டடம் கட்டித்தரும்போது என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நான் அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்கிறேன், பக்திக் கதையாக இல்லை.

ஊரும் ஆட்களும்

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனியர்கள் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். வந்தது வியாபாரத்துக்கு. மதம் பரப்புவது டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைப் பட்டியலிலேயே கிடையாது, சொல்லப்போனால் அது வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்றுதான் கம்பெனி அதிகாரிகள் நினைத்தார்கள். தங்கள் ஆட்களுக்கென்று சீயோன் ஆலயத்தைக் கட்டி 1701-ல் பிரதிஷ்டை செய்துகொண்டார்கள். அதில் டேனிஷ் மொழியில் ஆராதனை, டேனிஷ் போதகர், டேனிஷ் சபை. ஊரில் கத்தோலிக்கர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோவில் அதற்கு நானூறு வருஷத்துக்கு முன்பிருந்தே இருந்தது.

நான்காம் பிரெடரிக் அரசருக்குத் தன் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களில் கிறிஸ்தவம் போதிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் வந்தது. டென்மார்க்கில் ஆள் கிடைக்காமல் ஜெர்மனியில் தேடினார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்சோ என்று இரண்டு பேர் அகப்பட்டார்கள். சீகன்பால்க் சாக்சனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற ஊர்க்காரர், 1682-ல் பிறந்தவர். இருவரும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குக்கு மறுநாள் இருபத்து நாலு வயது முடிகிறது.

கோட்டைத் தளபதி ஹாசியஸுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. ராஜா அனுப்பியவர்கள் என்பதால் திருப்பி அனுப்பவும் முடியாது, கம்பெனி கேட்காமல் வந்தவர்கள் என்பதால் வரவேற்கவும் மனசில்லை. இந்தச் சிக்கலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாத் தகராறுக்கும் வேர் இதுதான். கொடுத்தனுப்பிய ராஜா கோபன்ஹேகனில், கொடுக்காத அதிகாரி கண்ணெதிரே.

இரண்டு பேரும் முதலில் மொழி படித்தார்கள். புளுட்சோ போர்த்துக்கீசிய மொழியில் கவனம் வைத்தார், ஏனென்றால் ஐரோப்பியர் வீடுகளில் வேலை செய்தவர்களும் அடிமைகளும் கலப்புக் குடும்பத்தாரும் அந்த உடைந்த போர்த்துக்கீசியத்தைத்தான் பேசினார்கள். சீகன்பால்க் தமிழ் படித்தார். ஒரு வயதான உபாத்தியாயரின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அழகப்பன் என்பவர் பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த துபாஷி (மொழிபெயர்ப்பாளர்). அவர் வழியாகத்தான் சீகன்பால்குக்குப் பேச்சுத் தமிழ் பிடிபட்டது.

முதல் ஞானஸ்நானம் 1707 மே 12. ஐந்து பேர். அவர்கள் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள், கொடுத்த இடம் சீயோன் ஆலயம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தரங்கம்பாடியின் முதல் புராட்டஸ்டன்ட் தமிழ்ச் சபை என்று நாம் பெருமையாகச் சொல்கிற கூட்டம், தொடக்கத்தில், யாருடைய வீட்டிலோ விலைக்கு வாங்கப்பட்டுக் கிடந்த ஐந்து பேர். அவர்களை வாங்கிய எஜமான்கள் ஞாயிறு காலையில் உட்காரும் அதே ஆலயத்தில்தான் இவர்களுக்குத் தண்ணீர் தெளிக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு இவர்கள் எங்கே உட்காருவார்கள்? எந்த மொழியில் கேட்பார்கள்? டேனிஷ் சபைக்கு இதில் எந்த ஆர்வமும் இல்லை. மிஷனரிகளின் வீட்டில் கூடலாம், ஆனால் எத்தனை நாளைக்கு? தனியாக ஒரு இடம் வேண்டும் என்ற முடிவு இங்கிருந்து வருகிறது. ஆசைக்காகவோ பெயருக்காகவோ அந்தக் கட்டடத்தைத் தொடங்கவில்லை, உட்கார இடமில்லாமல் தொடங்கினார்கள் என்பது என் கணிப்பு.

இரண்டு மாதத்தில் ஒரு கோவில்

1707 ஜூனில் வேலை தொடங்கியது. ஆகஸ்ட் 14 அன்று பிரதிஷ்டை. இரண்டு மாதம்தான்! கடற்கரைப் பக்கமாக ஒரு சின்னக் கட்டடம். பெயர் எருசலேம்.

பணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதிப் பதில் வர ஒன்றரை இரண்டு வருஷம் ஆகும் காலம் அது. கம்பெனி தராது. சபையில் இருப்பவர்கள் அடிமைகளும் வேலைக்காரர்களும், அவர்களிடம் காணிக்கை கேட்க முடியாது. ஆக, இரண்டு மிஷனரிகளும் தங்கள் சம்பளத்தில் ஒரு பெரிய பங்கை எடுத்துக் கட்டடத்தில் போட்டார்கள். அரசரின் அனுமதிப் பத்திரத்துக்கோ ஐரோப்பிய நன்கொடைக்கோ காத்திருந்தால் இந்தக் கட்டடம் எழும்பியிருக்கவே இருக்காது.

பிரதிஷ்டைக்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, ஊரில் இருந்த இந்துக்களும் முஸ்லிம்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் பிரசங்கம். செப்டம்பர் மாதமே தமிழர்கள் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், இந்தத் தடவை தங்கள் சொந்த ஆலயத்தில். மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான். எஜமான்களின் கோவிலுக்குள் போகாமலேயே ஒருவர் இந்தச் சபையில் சேரலாம் என்று ஆகிவிட்டது. இதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை, எனக்கு இதுதான் அந்தச் சின்னக் கட்டடம் செய்த பெரிய வேலையாகப் படுகிறது.

குறையும் இருந்தது. சபையில் யாரும் ஒரு செங்கல்லுக்குக்கூடப் பணம் கொடுக்கும் நிலையில் இல்லாததால், இடமும் கட்டடமும் முழுக்க மிஷனரிகள் கையில்தான். சபை வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். 1707-ல் இதைத் தவிர்த்திருக்க முடியாது என்று நினைக்கிறேன், ஆனால் அந்த முதல் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது.

நடுவில் வந்த தொல்லைகள்

கட்டடம் எழும்பியதும் ஹாசியஸோடு உரசல் கூடிக்கொண்டே போனது. ஒரு விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்க் தலையிட்டார். 1708 நவம்பரில் ஹாசியஸ் அவரைக் கைதுசெய்து கோட்டைக்குள் அடைத்தார். நாலு மாதம் உள்ளே இருந்தார், 1709 மார்ச்சில்தான் வெளியே விட்டார்கள். மேய்ப்பர் உள்ளே இருந்தால் சபை என்ன ஆகும்? கொஞ்சம் சிதறிப்போனது. ஆலயக் கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை, ஆனால் அதிகாரியின் கண்ணில் படும்படி அங்கே போய் உட்கார எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

அழகப்பன் கதை இன்னும் மோசம். மிஷனரிகளுக்கு உதவினார் என்ற காரணத்துக்காக ஊரைவிட்டே துரத்தப்பட்டார். சீகன்பால்குக்கு நாலு மாதச் சிறை, அதற்கு வரலாற்றில் பக்கம் பக்கமாக இடம். அழகப்பனுக்கு வீடும் பிழைப்பும் போனது, அவருக்குக் கிடைத்தது ஓரிரு வரி. வெளியூர்க்காரருக்கு உதவும் உள்ளூர்க்காரர்தான் எப்போதும் அதிக விலை கொடுக்கிறார் என்பதை மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

பணத்துக்கும் ஒரு சோதனை வந்தது. டென்மார்க்கிலிருந்து மிஷனுக்காக அனுப்பிய பணப்பெட்டி, தரங்கம்பாடி வரை பத்திரமாக வந்துவிட்டு, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும்போது கடலில் போய்விட்டது. தரங்கம்பாடியில் துறைமுகம் என்று ஒன்று கிடையாது, கப்பல் தூரத்தில் நிற்கும், படகில் அலையைத் தாண்டித்தான் எல்லாச் சாமானும் வர வேண்டும். பாதி உலகம் சுற்றிவந்த பணம் கடைசி அரை மைலில் முழுகியது. கடன் வாங்கித்தான் பள்ளிக்கூடத்தையும் பிள்ளைகளின் சாப்பாட்டையும் ஓட்டினார்கள். 1709-ல் குருண்ட்லர் என்ற மிஷனரி உட்படப் புது ஆட்கள் வந்தபிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. லண்டன் எஸ்.பி.சி.கே. (கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம்) அனுப்பிய அச்சு இயந்திரம், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து வந்த தமிழ் எழுத்துகள், பொறையாரில் காகித ஆலை, 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். கட்டடக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்த வருஷங்களில் பணம் வரும் வழிகள் மாறிவிட்டன. ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பேராசிரியர் தரங்கம்பாடிக் கடிதங்களை அச்சடித்து விற்று நன்கொடை திரட்டினார். லண்டனிலிருந்து உதவி வந்தது. 1714-ல் கோபன்ஹேகனில் மிஷனைக் கவனிக்க ஒரு குழுவே அமைக்கப்பட்டது. தங்கள் சம்பளத்தில் கோவில் கட்டிய இரண்டு இளைஞர்களின் வேலை, ஏழே வருஷத்தில் மூன்று நாட்டு நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனமாகிவிட்டது.

ராஜ வீதி

சீகன்பால்க் 1714 கடைசியில் ஐரோப்பா போனார், மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூடவே கூட்டிக்கொண்டு. அரசரை நேரில் பார்த்தார், கல்யாணம் முடித்தார், இங்கிலாந்திலும் அரசரைச் சந்தித்தார், 1716-ல் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் ஹாசியஸ் போய் கிறிஸ்டன் புரூன் என்பவர் தளபதியாகி இருந்தார். இவர் மிஷனுக்கு வேண்டியவர்.

பழைய எருசலேம் ஆலயம் கூட்டத்துக்குப் போதவில்லை, கடலும் அதைச் சேதப்படுத்தியிருந்தது. தரங்கம்பாடிக் கடல் நிலத்தைத் தின்னும் கடல், மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியையே எடுத்துக்கொண்ட கடல். அதன் ஓரத்தில் அவசரமாகக் கட்டிய ஒரு சின்ன ஆலயம் பத்து வருஷம் நின்றதே பெரிது. இரண்டாவது தடவை கடலைவிட்டுத் தள்ளி, ஊரின் முக்கியமான வீதியில் இடம் பார்த்தார்கள். 1717 பிப்ரவரி 9 அன்று தளபதி புரூன் முன்னிலையில் அஸ்திபாரம். 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை. சிலுவை வடிவம், செங்கல்லும் சுண்ணாம்பும், முகப்பில் ராஜாவின் முத்திரை.

முதல் கட்டடத்துக்கு இரண்டு மாதம், இதற்கு இருபது மாதம். அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். முதலாவது ஒதுக்குப்புறம், இது ராஜ வீதி. முதலாவதில் அதிகாரி எதிரி, இதில் அதிகாரி அஸ்திபார விழாவுக்கு வந்த விருந்தாளி. ஒரு பக்கம் பார்த்தால் இது வெற்றிதான். அடிமைகளும் ஏழைகளும் தொடங்கிய சபை, டேனியரின் சீயோன் ஆலயம் இருக்கும் அதே வீதியில் அதற்குக் குறையாத ஆலயத்தில் உட்காருகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்த முத்திரையைக்கூட ஒரு காவலாகப் படிக்கலாம்: ராஜாவின் பெயர் இருக்கும் சுவரில் எந்தத் தளபதியும் கை வைக்க மாட்டான். ஹாசியஸிடம் பட்ட பாட்டுக்குப் பிறகு இந்தக் கணக்கு சீகன்பால்கின் மனதில் ஓடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மறுபக்கம், சின்னச் சபைக்குப் பெரிய கட்டடம். சில நூறு பேர் கொண்ட, பெரும்பாலும் கையில் காசில்லாத ஒரு சபை, சுண்ணாம்புக் கட்டடத்தை உப்புக்காற்றில் எப்படிப் பராமரிக்கும்? கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், காரை பெயரும், இரும்பு அரிக்கும், வருஷா வருஷம் கை வைக்க வேண்டும். இந்தச் செலவு சபையின் காணிக்கையில் அடங்காது. அப்படியென்றால் கட்டி முடித்த நாளிலிருந்தே பணத்துக்கு வெளியூரைப் பார்த்துத்தான் நின்றாக வேண்டும்.

வென்ட் கேட்ட கேள்வி

கோபன்ஹேகன் குழுவின் செயலர் கிறிஸ்டியன் வென்ட். இந்தக் கதையில் வழக்கமாக இவர்தான் வில்லன். தரங்கம்பாடி மிஷனரிகள் ஆலயம், பள்ளி, வீடு என்று வெளிப்புறக் காரியங்களில் பணத்தைக் கொட்டுகிறார்கள், அப்போஸ்தலர்கள் இப்படியா செய்தார்கள், பையும் பணமும் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் போதித்தால் போதாதா என்பது அவர் கட்சி. கடுமையான கடிதம் எழுதினார். அது கைக்குக் கிடைத்தபோது சீகன்பால்குக்கு உடம்பு ஏற்கெனவே சரியில்லை. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்துபோனார், வயது முப்பத்தாறு. தான் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம். அடுத்த வருஷம் குருண்ட்லரும் போய்ச் சேர்ந்தார், அவருக்கும் அதே ஆலயத்தில்தான் இடம். வென்டின் அந்தக் கடிதம்தான் சீகன்பால்கைக் கொன்றது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது கொஞ்சம் அதிகம், ஆனால் மனசு உடைந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

வென்ட் ஒருநாளும் தரங்கம்பாடி வந்தவர் அல்ல. ஞானஸ்நானம் பெற்ற ஒருவனைச் சொந்தக்காரர்கள் ஒதுக்கினால், வேலை போனால், அவன் எங்கே தூங்குவான் என்பது அவருக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போகிறவர் போய்விடுவார், சேர்ந்தவர்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும். மிஷனரிகள் அவருக்குக் கொடுத்த பதிலின் சாரமும் ஏறக்குறைய இதுதான். இந்த விஷயத்தில் நான் முழுக்க சீகன்பால்க் பக்கம்.

ஆனால் வென்ட் இன்னொன்றும் கேட்டார்: உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சபையைத் தாங்களே தாங்கப் பழக வேண்டாமா? கேட்ட தொனி அவமதிப்பானது, கேட்ட நேரம் கொடுமையானது, பணத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டது அதைவிடக் கொடுமை. ஆனாலும் கேள்வி நியாயமானது. வில்லன் கேட்டான் என்பதற்காக அந்தக் கேள்வியையே மிஷன் ஓரமாக வைத்துவிட்டது. பிறகு அதை எடுக்க ரொம்ப நாளாயிற்று.

உள்ளே யார் எங்கே

எருசலேம் ஆலயம் யாருடையது என்ற கேள்வி வாசற்படியோடு நிற்கவில்லை. ஐரோப்பிய உடை உடுத்தும் போர்த்துக்கீசியச் சபையாருக்கு பெஞ்சும் நாற்காலியும், தமிழர்களுக்குத் தரையில் பாய். பெண்கள் தனி, ஆண்கள் தனி. இதுவரை புரிகிறது, ஊர் வழக்கம். அதற்கு மேல் தமிழர்களுக்குள்ளேயே, அன்றைய ஆவணங்களின் பேச்சில் 'சூத்திர'க் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், 'பறையர்' கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், நடுவில் இடைவெளி. எல்லாரும் ஒரே கூரையின் கீழ், ஒரே பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு, ஆனால் தொட்டுக்கொள்ளாமல்.

மிஷனரிகள் இதைச் சகித்தார்களா, ஆதரித்தார்களா என்பது பெரிய விவாதம். மேல்சாதியார் போய்விடுவார்களே என்று பயந்தார்கள், காலப்போக்கில் தானாக மாறும் என்று நம்பினார்கள். மாறவில்லை. இதன் விலை என்னவென்று ராஜநாயக்கன் கதையில் பார்க்கலாம். தஞ்சைப் படையில் சேர்வைக்காரராக (சிறிய படைத் தலைவராக) இருந்தவர், பறையர் சமூகம், தானே வேதம் படித்துத் தேடி வந்தவர். உபதேசியாராக (குருப்பட்டம் இல்லாத சபை ஊழியராக) தஞ்சைப் பகுதியில் அவர் செய்த வேலையை மிஷனரிகளே வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அவர் கையால் நற்கருணை வாங்க மற்றச் சாதியார் வரமாட்டார்கள் என்று அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் சுதேசப் போதகர் என்ற பெயரை எடுத்தவர் கடலூரைச் சேர்ந்த ஆரோன், வேளாளர், புதிய ஆலயம் பிரதிஷ்டையான அதே 1718-ல் சீகன்பால்க் கையால் ஞானஸ்நானம் பெற்றவர். ஆரோன் தகுதியானவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து 1771-ல் இறந்தார்.

அதனால் 'சபை தன் சொந்த ஆலயத்தைப் பெற்றது' என்று யாராவது எழுதினால், சபையில் எந்தப் பாதி என்று நான் கேட்பேன். எஜமான்களின் கோவிலில் இடமில்லாத அடிமைகளுக்காகத் தொடங்கிய கட்டடம் அது. முப்பது வருஷத்துக்குள் அதற்குள்ளேயே இன்னொரு எஜமான் வரிசை உருவாகிவிட்டது. அதற்கு வெளிநாட்டுப் பணம் காரணமில்லை, நாம்தான் காரணம்.

பாளையங்கோட்டைக் கணக்கு

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆலயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தரங்கம்பாடியோடு சேர்க்கும் நூல் ஒருவர் கையில் இருக்கிறது. கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1750-ல் தரங்கம்பாடி வந்து இறங்கியவர், தன் முதல் தமிழ்ப் பிரசங்கத்தை அந்த வருஷமே எருசலேம் ஆலயத்தில் செய்தவர். பின்னால் திருச்சி, தஞ்சை என்று போய்விட்டார்.

பாளையங்கோட்டையில் கோகிலா என்று ஒரு மராட்டிப் பிராமண விதவை, ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர். அந்த உறவு திருமணம் இல்லை என்பதால் சுவார்ட்ஸ் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் மறுத்தார். அதிகாரி இறந்தபிறகு 1778-ல் கொடுத்தார், குளோரிந்தா என்ற பெயரில். 1780-ல் அந்தச் சபையின் பதிவேட்டில் இருந்தவர்கள் நாற்பது பேர், பல சாதிக்காரர்கள். தங்களுக்கென்று பயிற்சி பெற்ற ஒரு உபதேசியார் வேண்டும் என்று குளோரிந்தாவே தஞ்சைக்குப் போய் சுவார்ட்ஸிடம் கேட்டார். ஆலயத்தையும் அவரே முன்னின்று கட்டினார், பெரும்பகுதி அவர் பணம், அங்கிருந்த ஆங்கிலேயர்களும் கொஞ்சம் உதவினார்கள். 1785-ல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்துவிட்டுப் போனார். ஊர் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோவில்.

பெயரைக் கவனியுங்கள். முகப்பில் ராஜா முத்திரை இல்லை, ஊர் வாயில் மிஷனரி பெயரும் இல்லை. இங்கே மிஷனரி செய்தது மூன்று வேலை: பதிவேட்டை ஒழுங்காக வைத்தார், சத்தியநாதனை உபதேசியாராக அனுப்பினார், பிரதிஷ்டைக்கு வந்தார். அந்தச் சத்தியநாதனுக்கு 1790-ல் குருப்பட்டமும் கிடைத்தது. பணம், இடம், அவசரம் எல்லாம் உள்ளூர். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமாக எல்லாரும் காட்டுவது இந்த நாற்பது பேர் சபையைத்தான்.

இதைச் சொல்லி தரங்கம்பாடியைக் குறைத்துப் பேசுவது சுலபம், ஆனால் அது நியாயமாகாது. குளோரிந்தாவிடம் பணம் இருந்தது, ஆங்கிலேய அதிகாரிகளைத் தெரியும், கேட்டால் கதவு திறக்கும். 1707-ல் தரங்கம்பாடியில் இருந்த ஐந்து அடிமைகளிடம் தங்கள் உடம்பே சொந்தமில்லை. அவர்களை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் கட்டடம் வந்திருக்காது, சபையும் இருந்திருக்காது. என் மனக்குறை 1707 பற்றியது இல்லை, 1718 பற்றியது. அதற்குள் சபையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், உபதேசியார்கள், பள்ளி வாத்தியார்கள், அச்சகத்தில் வேலை கற்றவர்கள் என்று ஒரு தலைமுறை வந்துவிட்டது. இரண்டாவது ஆலயத்தின் நிர்வாகத்தில் அவர்களுக்கு ஒரு இடம் கொடுத்திருக்கலாம். சீகன்பால்க் இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் அதைச் செய்திருப்பாரோ என்னவோ.

அப்புறம்

1845-ல் டேனியர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். முகப்பில் முத்திரை வைத்த ராஜவம்சம் கடையைக் கட்டிக்கொண்டு போனது. முத்திரை மட்டும் சுவரில் தங்கிவிட்டது. மிஷன் வேலை அந்தக் காலத்திலேயே ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் கைக்கு மாறியது. அவர்கள் சாதி விஷயத்தில் மற்ற மிஷன்களைவிட நெகிழ்ந்துகொடுத்தார்கள் என்ற விமர்சனம் உண்டு, அது தனிக் கதை. முதல் உலகப்போர் வந்தது, இந்தியாவில் இருந்த ஜெர்மானிய மிஷனரிகளை பிரிட்டிஷ் அரசு வெளியேற்றியது. பணமும் ஆளும் ஒரே சமயத்தில் நின்றுபோனது. ஸ்வீடன் மிஷன் வந்து தாங்கிப்பிடித்தது.

அந்த நெருக்கடியில்தான் விஷயம் முன்னேறியது. 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக அமைந்தது. புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாகி இருநூறு வருஷம் முடிந்து மூன்று மாதம். இருநூறு வருஷமாகத் தள்ளிப்போட்ட விஷயத்தை ஒரு போர் வந்து நாலு வருஷத்தில் நடத்திவைத்தது. வென்ட் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் ஒரு அரைப் பதில் கிடைத்தது. அரை என்று ஏன் சொல்கிறேன் என்றால், தரங்கை (தரங்கம்பாடி) பேராயர் என்ற பட்டத்தோடு 1921-ல் பொறுப்பேற்ற எர்ன்ஸ்ட் ஹியூமன் ஸ்வீடன்காரர். அவருக்கு அடுத்தவரும் ஸ்வீடன் மிஷனைச் சேர்ந்தவர், அதற்கு அடுத்தவரும் அப்படியே. தமிழரான ராஜா பூஷணம் மாணிக்கம் அந்த நாற்காலிக்கு வந்தது 1956-ல், சீகன்பால்க் கரையிறங்கி சரியாக இருநூற்று ஐம்பதாவது வருஷம்.